நேர்மைக் கடை: 500 ரூபா முதல், 12 பிள்ளைங்க, ஒரு எவர்சில்வர் தட்டு

வணக்கம். மேசை மேல சரக்கு வைக்க ஒரு செருப்பு அட்டைப்பெட்டி, காசு போட ஒரு எவர்சில்வர் தட்டு, கடன் எழுத ஒரு 40 பக்க நோட்டு. இன்னைக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைங்களை உங்க பொறுப்புல விட்டு, வாரம் ஒரு பீரியட் நல்லொழுக்கம் நடத்துங்கன்னு டைம்டேபிள்ல போட்டிருப்பாங்க. பாதிப் பேர் அதைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துடுறோம். மீதிப் பேர் நீதிக்கதை சொல்றோம். நேர்மைன்னா என்னன்னு கேட்டா ஒரு பையன் எந்திரிச்சு குறள் ஒப்பிப்பான், எல்லாரும் கை தட்டுவோம், அதோட முடிஞ்சது. அதனால கேள்வி கேக்காம ஒரு கடையைத் திறப்போம். ஆள் இல்லாத கடை. சாமானை எடுத்துக்கிட்டு காசை வச்சுட்டுப் போகணும். நம்ம ஊர்ப் பள்ளிங்கள்ல இது புதுசு இல்ல. ஆனா நிறைய இடத்துல ஆரம்பிச்ச வேகத்துல மூடிடுறாங்க. பிள்ளைங்க திருடிட்டாங்கம்பாங்க. கடையை அமைச்ச விதத்துலதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

முதல்ல சரக்கு. பென்சில் 20, நீலப் பேனா 20, அழிரப்பர் 15, ஷார்ப்னர் 10. எல்லாமே 5 ரூபா. மொத்தம் 65 உருப்படி, 325 ரூபா. அதோட 10 ரூபா நோட்டு 10, அது 100. மீதி 75 ரூபாய்க்கு 5 ரூபா நாணயம் 15. ஆக 500. மொத்தக் கடையில பென்சில் 4 ரூபாய்க்குக் கெடைச்சாலும் 5னே விலை எழுதுங்க. ஒத்தை ரூபா, ரெண்டு ரூபா கணக்கு வந்தாலே சில்லறைத் தொல்லைதான். அந்த மிச்சக் காசு தொலையிறதுக்கும் ஈடாகும். மேப், கிராஃப் தாள் வைக்காதீங்க. அஞ்சு தாளைக் கட்டா கட்டி 5 ரூபான்னு வச்சா, ஒரு தாள் மட்டும் வேணுங்கிறவன் கட்டைப் பிரிச்சு ஒண்ணை உருவிட்டு ஒரு ரூபா போடுவான். அவன் செஞ்சது தப்பும் இல்ல, ஆனா உங்க கணக்கு போச்சு.

அடுத்து காசுப் பாத்திரம். இங்கதான் எல்லாரும் சறுக்குறது. உண்டியல் வைக்காதீங்க. 5 ரூபா பேனாவுக்கு 10 ரூபாத் தாளைப் போட்ட பிள்ளை மீதியை எப்படி எடுக்கும்? நாளைக்கு வந்து எனக்கு 5 ரூபா வரணும்னு இன்னொரு பேனா எடுத்துக்கும். அது நியாயந்தான். ஆனா அன்னைக்கு வரவு கூடி, மறுநாள் குறையும், நீங்க திருட்டுன்னு நினைப்பீங்க. அதான் இந்தத் திறந்த தட்டு, மீதியை அவங்களே எடுத்துக்கலாம். மேல ஒரு அட்டையில, 20 ரூபாய்க்கு மேல தாள் போட வேண்டாம்னு எழுதி ஒட்டிடுங்க.

காசே கொண்டு வராத பிள்ளைக்குத்தான் இந்த நோட்டு. பேர் எழுத வேண்டாம். 'ஒரு பேனா, செவ்வாய்', அவ்வளவுதான். காசு வச்சதும் அந்த வரியை அவங்களே அடிச்சுடணும். பேர் எழுதச் சொன்னீங்கன்னா கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கமே வராது, இல்லன்னா எழுதாம எடுத்துட்டுப் போகும்.

கடையை வராந்தாவுல, வகுப்புக்குப் போற வழியில வைங்க. ஸ்டாஃப் ரூம் வாசல்ல வேண்டாம், கேமராவுக்குக் கீழயும் வேண்டாம். அங்க வச்சா கேமராவுக்குப் பயந்த கணக்குதான் கெடைக்கும்.

சாயங்காலம் கடைசி மணி அடிக்க 5 நிமிஷம் இருக்கும்போது உங்க பொறுப்புல இருக்கிற குழுவுல ரெண்டு பேர் எண்ணணும். ஒருத்தரா விடாதீங்க, குறைஞ்சா பழி அந்தப் பிள்ளை மேல விழும். ஜோடியை வாரா வாரம் மாத்துங்க. பலகையில நாலே வரி: காலையில இருந்தது, விற்றது, வர வேண்டியது, வந்தது. உதாரணத்துக்கு 5 ரூபா சாமான் 14 போயிருக்கு, 70 வரணும், வந்தது 60. உடனே விசாரணையில இறங்காதீங்க. முதல்ல கடன் நோட்டைப் பாருங்க, அடிக்காத வரி ரெண்டு இருந்தா கணக்கு நேராயிடுச்சு. அப்புறம் சரக்கை மறுபடி எண்ணுங்க, மேசைக்கு அடியிலயும் பாருங்க, அழிரப்பர் உருண்டு ஓடும்.

காசு கூடுதலா இருந்தாலும் அதே அளவுக்குப் பேசணும். இதை நிறைய பேர் விட்டுடுறோம். யாரோ ஒரு பிள்ளை மீதி எடுக்காம போயிருக்கு, அது ஏன்?

வாரக் கடைசி பீரியட்தான் இதுக்கு உயிர். வட்டமா உக்காருங்க, நீங்களும் தரையில. டஸ்டர் யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசணும். 'யார் எடுத்தது'ங்கிற பேச்சே வேண்டாம். இப்படிக் கேளுங்க: "10 ரூபா குறையுது. திருட்டைத் தவிர அஞ்சு காரணம் சொல்லுங்க." மூணு காரணம் சட்டுனு வரும். நாலாவதுக்கு அமைதியாயிடும். அப்ப வாயைத் திறக்காம மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. வாத்தியாருக்கு இது ரொம்பக் கஷ்டம், தெரியும். ஆனா நீங்க பதில் சொல்லிட்டீங்கன்னா வட்டம் கலைஞ்சு வகுப்பாயிடும். அடுத்த கேள்வி: "குறையாம இருக்க கடையில எதை மாத்தலாம்?" அவங்க சொல்றதுல ஒண்ணையாவது திங்கக்கிழமையே மாத்திடுங்க. மாத்தலன்னா அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

அரசுப் பள்ளியில இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024ல வந்த மகிழ் முற்றம்ங்கிற மாணவர் குழுத் திட்டத்துல குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு குழு இருக்கு. கடைக் கணக்கு சரியா இருந்தா குழுவுக்குப் புள்ளின்னு அறிவிக்கத் தோணும். வேண்டாம். எண்ணுற ஜோடி தன் பாக்கெட்ல இருந்து 10 ரூபா போட்டுக் கணக்கை நேராக்கிடும். பலகை பொய் சொல்ல ஆரம்பிச்சுடும். நேர்மைக்குன்னு கடை வச்சு இதைச் சொல்லிக் கொடுத்தா எப்படி?

குழுவே புதுசு, ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னா முதல் வாரம் கடை வேண்டாம். காகிதக் கப் 6, ரப்பர் பேண்ட் 1, சணல் கயிறு 60 சென்டிமீட்டர்ல 4 துண்டு எடுத்துக்கங்க. கயித்தை ரப்பர்ல கட்டி, நாலு பேர் ஆளுக்கு ஒரு முனையை இழுத்து, கப்பைக் கையால தொடாம அடியில மூணு, மேல ரெண்டு, உச்சியில ஒண்ணுன்னு அடுக்கணும். ரப்பர் கப்பை விடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும், பெருசா இருந்தா பிடிக்காது. ஒரே பிள்ளை அதிகாரம் பண்ணுச்சுன்னா, அடுத்த சுத்துல அந்தப் பிள்ளை பேசக் கூடாதுன்னு வைங்க.

கடைக்கு வருவோம். சரக்கும் காசும் சேர்த்து 400க்குக் கீழ இறங்கிடுச்சுன்னா ஒரு வாரம் மூடுங்க. தண்டனைன்னு அறிவிக்காதீங்க. பலகையில அந்த நாலு வரியை மட்டும் அப்படியே விட்டுட்டு, மறுபடி திறக்குற தேதியைக் குழுவே முடிவு பண்ணி எழுதட்டும். திறக்குறப்ப 25 உருப்படி போதும்.