வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக இறாக்கை

எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அன்று பேசியபடியே தருகிறேன்.

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கோட்டக்கல்விப் பணிப்பாளர் அவர்களே, இந்த மண்டபத்துக்கு ஓடு போட்டுத் தந்த புலம்பெயர் உறவுகளே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர்களே, முன்பள்ளி ஆசிரியைகளே, பாயில் இருக்கிற சின்னஞ்சிறுசுகளே, எல்லாருக்கும் வணக்கம். சிறுவர்களுக்கு மாலையைக் கொடுத்து விருந்தினரை வரவேற்கச் செய்த மாதர் சங்கத்தாரைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றார் ஔவையார். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. படப்புத்தகத்தில் அந்த இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வருகின்றன. படம், மொழிபெயர்ப்பு, அச்சுச் செலவு என்று மூன்று விடயம் பேச வந்திருக்கிறேன்.

சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி, தானே படமும் வரைந்த குடைத் திருடன் கதை 1956இல் வந்தது. குடையே இல்லாத ஊர். அங்கிருந்து பட்டணம் போன மாமா ஒருவர் குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது, திரும்ப வாங்குகிறார், திரும்பவும் போகிறது. கடைசியில் பார்த்தால் எல்லாக் குடையும் மரத்தில் தொங்குகின்றன, கள்ளன் குரங்கு! போன மாரியில் இதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முடிக்கவில்லை, ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், எங்கட ஊரிலை குரங்கு இல்லையே, அப்ப அம்மம்மான்ர குடையை ஆர் எடுத்தது?" என்றான். காகம் என்றது ஒன்று, காகத்தாலே தூக்க ஏலாது, மரநாய்தான் என்றது இன்னொன்று. சண்டை முற்றிவிட்டது. வாசலில் நின்ற அம்மம்மா உள்ளே வந்து, "ஒருத்தரும் எடுக்கேல்லை, இவன்தான் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு வந்தவன்" என்றாரே பாருங்கள், கூரை கிழியச் சிரிப்பு. பொடியன் மட்டும் அசையவில்லை. கொப்பியை எடுத்து ஒரு பனை கீறி, வட்டுக்குள்ளே கறுப்புக் குடை ஒன்றைச் செருகி, பக்கத்தில் மரநாயையும் இருத்திவிட்டான், வால் மரத்தைவிட நீளம். சித்திரமும் கைப்பழக்கம்!

அப்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "அந்த ஊர்ப் பிள்ளையளுக்கு எங்கட கதை தெரியுமோ?" அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய கத்தரி வெருளி என்ற சிறுவர் பாட்டு படத்தோடு சிங்களத்தில் போனால் தெற்கே காலியிலே, மாத்தறையிலே பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா? ஒரு பக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தால் அது உறவாகாது.

ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி, தன்னைத் துரத்திய அதே நாட்டுக்குத் திரும்பி வந்தார். பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்கி, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். 1949இல் அது சர்வதேச இளைஞர் நூலகமாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த ஊர்க்காரர் நாங்கள். அந்தப் பெண்மணி ஏன் புத்தகத்திலிருந்து தொடங்கினார் என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அச்சுச் செலவை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது கேட்பது ஒன்றுதான். எத்தனையோ வாசிகசாலைகளில் சிறுவர் நூல் கண்ணாடி அலுமாரிக்குள்ளே, திறப்பு செயலாளர் வீட்டிலே. பிள்ளை தொட்டுப் புரட்டாத புத்தகத்தில் நாப்பழக்கம் எங்கிருந்து வரும்? எங்களுக்குப் பூட்டில்லாத ஒரு இறாக்கை வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கையெட்டும் உயரத்தில். தமிழும் சிங்களமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கிழிந்தால் ஒட்டுவோம்.

தலைவர் ஐயா, அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கோ. பலகை தர ஆள் இருக்கிறது, சனிக்கிழமை பின்னேரம் வாசித்துக் காட்ட நானும் இரண்டு முன்பள்ளி ஆசிரியைகளும் வருகிறோம். சபையின் தீர்மானமும் புத்தகத்துக்குக் காசும்தான் மிச்சம். விருப்பமுள்ளவர்கள் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கோ. நன்றி, வணக்கம்.