பிறவி நிறக்குருடும் பிற கண் நோய்களும்

அவையோரே,

குழந்தைக்கு நிறக்குருடு இருப்பதாக அறிந்ததும் பெற்றோரின் மனத்தில் எழும் முதல் அச்சம், இது நாளடைவில் முழுப் பார்வையையும் பறித்துவிடுமோ என்பதுதான். பிறவியிலேயே அமையும் சிவப்பு-பச்சைக் குறைபாட்டைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. விழித்திரையில் நிறம் உணரும் மூவகைக் கூம்புச் செல்களுள் ஒருவகை இல்லாமலோ, அதன் நிறமி சற்றே மாறியோ அமைவதால் வரும் இக்குறை, எக்ஸ் குரோமோசோம் வழியே இறங்குவதால் ஆண்களிடமே மிகுதி. வாழ்நாள் முழுவதும் இது மாறுவதில்லை. பார்வைக் கூர்மையைக் குறைப்பதில்லை. கண்புரைக்கோ கண்ணழுத்த நோய்க்கோ (கிளாகோமா) வழிவகுப்பதுமில்லை. கூம்புச் செல்கள் அனைத்துமே செயலிழந்து பிறப்போரின் நிலை வேறு. அவர்களுக்கு வெளிச்சத்தில் கண் கூசும், விழிகள் தாமே அசைந்துகொண்டிருக்கும், கூர்மையும் மிகக் குறைவாக இருக்கும். ஆனால் அது மிக அரிது.

அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன், 1794இல் மான்செஸ்டரில் தம் நிறக்குறையைப் பற்றி உரையாற்றியபோது, தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலநிறமாக இருப்பதே காரணம் என்று கருதினார். 1844இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே கண்ணை அறுத்துப் பார்த்தபோது நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அக்கண்ணின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, பச்சை ஒளிக்குரிய நிறமியின் மரபணு அவருக்கு இல்லை என்று 1995இல் கண்டறிந்தனர். தம்மைப் பற்றிய அவர் ஊகம் பொய்த்தாலும், ஒளி கடந்துவரும் வழி நிறம் மாறினால் காட்சியும் நிறம் மாறும் என்ற எண்ணம் பொய்யன்று; முதுமையில் மஞ்சளாகும் விழிவில்லை நீலத்தைத் தடுக்கும்போது கண்புரையில் நிகழ்வது அதுவே.

நாம் அஞ்ச வேண்டியது இவ்வாறு பின்னாளில் வரும் நிறக்குறையைத்தான். அது பெரும்பாலும் ஒரு கண்ணில் மிகுந்தும் மறுகண்ணில் குறைந்தும் இருக்கும். நாளுக்கு நாள் மாறவும் செய்யும். விழித்திரை நோய்களில் நீல-மஞ்சள் உணர்வும், பார்வை நரம்பின் நோய்களில் சிவப்பு-பச்சை உணர்வும் முதலில் கெடும் என்பது 1912இல் ஜெர்மன் கண் மருத்துவர் கோல்னர் வகுத்த விதி. விதிவிலக்குகள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்: பார்வை நரம்பைத் தாக்கும் கண்ணழுத்த நோயில் பெரும்பாலும் நீல-மஞ்சள் உணர்வே முதலில் மங்குகிறது. காசநோய்க்குத் தரப்படும் எத்தம்பியூட்டால் என்னும் மருந்து பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால்தான், அதை உட்கொள்வோருக்கு இடையிடையே நிறப்பார்வைச் சோதனை செய்கிறார்கள்.

நிறப்புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும், பரவலாகப் பயன்படும் இஷிஹாரா புள்ளிப் படங்கள் சிவப்பு-பச்சைக் குறையைக் கண்டறியவே உருவானவை. நீல-மஞ்சள் குறை உள்ளவர் அவற்றைத் தடையின்றிப் படித்துவிடலாம். இரு கண்களையும் திறந்தபடி சோதித்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்தும்விடும். பிறவியிலேயே நிறக்குருடு உள்ளவருக்குப் புதிதாகக் கண் நோய் வந்தால், பழைய குறைதானே என்று வீட்டாரும் சில வேளை மருத்துவரும் கடந்துபோய்விடுகிறார்கள். ஆகவே, ஒருவர் கண்களை மாறிமாறி மூடிக்கொண்டு ஒரே சிவப்புப் பொருளைப் பார்க்கும்போது, ஒரு கண்ணுக்கு மட்டும் அது வெளிறித் தெரிந்தால், அவருக்கு முன்பே என்ன குறை இருந்திருந்தாலும், காலந்தாழ்த்தாமல் கண் மருத்துவரைக் காண வேண்டும்.