போனை கவுத்து வச்சா மட்டும் போதாது! 15 எழுத்துல ஒரு சோதனை

[திரையில்: திறந்த கணக்கு நோட்டு, பக்கத்துல கவுத்து வச்ச போன்]

போனை சைலண்ட்ல போட்டாச்சு, கவுத்தும் வச்சாச்சு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடிச்சது மூணே கணக்கு. போனைத் தொட்டது நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்தான். அப்போ மிச்ச நேரம் எங்கே போச்சு? அதை உங்க கையாலயே கண்டுபிடிச்சிடலாம். வெள்ளைத் தாள், பேனா, செகண்ட் முள் ஓடுற கடிகாரம், இந்த மூணும் போதும். வீடியோவை நிறுத்திட்டுப் போய் எடுத்துட்டு வாங்க.

வந்தாச்சா? முதல் சுத்து. மேல் வரியில "கவனம் சிதறினால் பாடம் ஏறாது"ன்னு எழுதுங்க. புள்ளி வச்ச எழுத்தையும் சேர்த்து எண்ணினா சரியா 15 எழுத்து. அதை முடிச்சிட்டு, கீழ் வரியில 1-லிருந்து 15 வரைக்கும் எழுதுங்க. ஆரம்பிச்சதுல இருந்து முடிக்கிற வரைக்கும் எத்தனை செகண்ட்னு குறிச்சுக்கோங்க.

ரெண்டாவது சுத்து. அதே 15 எழுத்து, அதே 15 எண். ஆனா மாத்தி மாத்தி எழுதணும். மேலே க, கீழே 1. மேலே வ, கீழே 2. மேலே ன, கீழே 3. இப்படியே 15 வரைக்கும். மறுபடியும் செகண்டை எண்ணுங்க.

[திரையில்: ரெண்டு சுத்தும் பக்கத்துல பக்கத்துல ஓடுது]

இந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையல. எழுதினது அதே முப்பது குறிதான், ஒண்ணு கூட அதிகமில்ல. ஆனா ரெண்டாவது சுத்துக்கு நேரம் நல்லாவே கூடியிருக்கும். பேனா நின்ன இடத்தைப் பாருங்க. பெரும்பாலும் "சிதறினால்" நடுவுல, றி-க்கும் னா-வுக்கும் பக்கத்துலதான் தடுமாறியிருப்பீங்க. சிலர் எண்ணை ஒண்ணு தாண்டியிருப்பீங்க. சிலர் மேலே எழுத வேண்டியதைக் கீழே எழுதி அடிச்சிருப்பீங்க. எண்ணுல இருந்து எழுத்துக்கு வரும்போதெல்லாம் "எந்த எழுத்துல விட்டேன்?"னு மனசு முதல்ல இருந்து தேடுது. தூக்கத்துல கேட்டாலும் சொல்ற எழுத்துக்கும் எண்ணுக்குமே இந்த நிலைமை.

இப்போ பதினொண்ணாம் வகுப்பு தொகையிடலை எடுத்துக்கோங்க. எதை u-ன்னு எடுக்கணும், எதை dv-ன்னு எடுக்கணும்னு தலைக்குள்ள ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கீங்க. அந்த நேரத்துல ஒரு மெசேஜ். பதில் போட இருபது செகண்ட்தான் ஆகும். ஆனா தலைக்குள்ள பிடிச்சிருந்தது நழுவிடுச்சு. கணக்கை முதல் வரியில இருந்து படிச்சு வரணும். காணாமப் போன நேரம் அங்கேதான் இருக்கு.

சோஃபி லெராய்ங்கிற ஆய்வாளர் 2009-ல இதை ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதினாங்க. ஒரு வேலையை விட்டு அடுத்ததுக்குப் போனாலும், கவனத்துல கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுவும் அந்த வேலை பாதியில நின்னிருந்தா இன்னும் அதிகமா ஒட்டும். வாட்ஸ்அப் பேச்சு என்னைக்கு முழுசா முடிஞ்சிருக்கு, சொல்லுங்க?

சரி, போன் எங்கே இருக்கணும்? 2017-ல டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போன் மேசை மேல, பையில, வேற ரூம்லன்னு மூணு விதமா வச்சுப் பார்த்தாங்க. வேற ரூம்ல வச்சவங்கதான் நினைவாற்றல் சோதனையில நல்லா செஞ்சாங்க. பின்னாடி இதையே செஞ்சு பார்த்த எல்லாருக்கும் இதே முடிவு வரல, அதையும் சொல்லிடணும். ஆனாலும் என் ஓட்டு தூரத்துக்குத்தான். எழுந்து போய் எடுக்கணும்னா, பாதி தடவை போகவே மாட்டோம். ஒரே ரூம் இருக்குற வீடா? பீரோவுக்குள்ள வைங்க, இல்ல அடுப்படி மேல் அலமாரியில வைங்க. கை எட்டாம, கண்ணுல படாம இருந்தா சரி.

"வீட்டுப்பாடமே கிளாஸ் குரூப்லதான வருது?" நியாயமான கேள்வி. இதுக்காகத்தான் இந்த வீடியோவே. போன்ல இருந்து எடுக்குற வேலையும் படிக்கிற வேலையும் ஒரே நேரத்துல நடக்கக்கூடாது. உட்காருறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், அது எடுக்குற நேரம். குரூப்பைத் திறந்து வீட்டுப்பாடத்தைத் தாள்ல எழுதுங்க, போட்டோ எடுத்து வைக்காதீங்க. போட்டோ எடுத்தா அதைப் பார்க்க மறுபடியும் போனைத்தான் திறக்கணும். பாடப் புத்தகத்துல இருக்குற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணணும்னா இப்பவே பண்ணுங்க. வேணுங்கிற வீடியோவை டவுன்லோட் பண்ணுங்க. ஃபிளைட் மோட் போடுங்க. போன் பீரோவுக்குப் போகட்டும்.

மேசையில இன்னொரு தாள் வைங்க. படிக்கும்போது "அந்த மேட்ச் என்ன ஆச்சு", "அவ பதில் போட்டாளா", "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்"னு வரும். ஒரே வரியில எழுதிட்டு வேலையைத் தொடருங்க. எழுதி வச்சுட்டதால மறந்துடுமோங்கிற பயம் இருக்காது, மனசும் அதையே சுத்தாது. மொத்தத்தையும் கடைசியில ஒரே தடவையா பார்த்துக்கலாம்.

நேரத்துக்கு அலாரம் கடிகாரம் வைங்க, போன் டைமர் வேண்டாம். பிரான்செஸ்கோ சிரில்லோங்கிற இத்தாலிக்காரர் 1980-களோட கடைசியில தக்காளி மாதிரி இருக்குற ஒரு சமையலறை டைமரை வச்சுதான் 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வுங்கிற முறையை உருவாக்கினார். அதனாலதான் அதுக்குப் பொமோடோரோன்னு பேர், இத்தாலிய மொழியில தக்காளின்னு அர்த்தம். மனப்பாடம் பண்ற பகுதிக்கு 25 நல்லா ஒத்து வரும். ஆனா கணக்குக்கும் கணக்குப்பதிவியலுக்கும் பத்தாது. இருப்புநிலைக் குறிப்பு பாதியில நிக்கும்போது மணி அடிச்சா எரிச்சல்தான் வரும், அதுக்கு 45 வைங்க. ஓய்வுல தண்ணி குடிங்க, மாடிக்குப் போங்க. போனை எடுத்தா அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி ஆயிடும்.

வீடியோ பார்த்துதான் படிக்கணும், நெட் கண்டிப்பா வேணும்னா என்ன பண்றது? யூடியூப்ல வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழைய ஹிஸ்டரியையும் அழிச்சிடுங்க. முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட காலியாயிடும், தேடுற பெட்டிதான் மிஞ்சும். ரொம்பப் பேருக்குத் தெரியாத அருமையான வழி இது. ஆட்டோபிளேயையும் அணைச்சிடுங்க.

ஆண்ட்ராய்டுல ஆப் பின்னிங்னு ஒரு வசதி இருக்கு. செட்டிங்ஸ்ல மேலே தேடுற இடத்துல "pin"னு அடிச்சா வரும். பாட ஆப்பை பின் பண்ணிட்டா வேற ஆப்புக்குத் தாவ முடியாது. வெளியே வர லாக் நம்பர் கேக்குற மாதிரியும் வைக்கலாம், அந்த நம்பரை அம்மா வைக்கட்டும். நீங்க சொல்ற ஆப்களை நிறுத்தி வைக்கிற ஃபோகஸ் மோட் மட்டும் ஏன் பத்தலைன்னா, "கொஞ்சம் ஓய்வு"ன்னு ஒரு பட்டன் அதுலயே இருக்கு. 5, 15, 30 நிமிஷம்னு நீங்களே உங்களுக்கு அனுமதி கொடுத்துக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த 45 நிமிஷத்துல "சாப்பிட்டியா"ன்னு கூப்பிடாதீங்க. அதுவும் மெசேஜ் மாதிரிதான், தொகையிடல் அங்கேயும் அறுந்துதான் போகும்.

[திரையில்: காலி கமெண்ட் பெட்டி]

முதல் சுத்து எத்தனை செகண்ட், ரெண்டாவது எத்தனை? ரெண்டு எண்ணையும் கீழே எழுதுங்க. எந்த எழுத்துல தடுமாறினீங்கன்னும் சேர்த்து எழுதுங்க. ஆனா இப்போ வேண்டாம். முதல்ல தாள்ல குறிச்சு வைங்க, இன்னைக்குப் பாடத்தை முடிச்சதுக்கு அப்புறம் வந்து போடுங்க.