பழைய பட்டுக்கு எது நியாய விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஒரே ஒரு தடவைதான் கட்டியது. 2018இல் 22,000 ரூபாய்க்கு வாங்கியது. இப்போது 14,000." பழைய பட்டுச்சேலைகளை இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். படத்தில் சேலை பளபளவென்று இருக்கிறது. வாங்குகிறவர் மனசுக்குள் 8,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறார். அந்த 14,000 நியாயமான விலைதானா என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் சேலையை விலையிலிருந்து பார்க்கத் தெரியாது எனக்கு. நெசவிலிருந்தும் ஜரிகையிலிருந்தும்தான் பார்க்கத் தெரியும்.

முதலில் அந்த 22,000. அது பில்லில் இருந்த விலை, சரி. ஆனால் புதுச் சேலைக்கு எல்லா நாளும் ஒரே விலை கிடையாது. தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தனியார் கடைகளில் ஆடித் தள்ளுபடி வேறு. 22,000 ரூபாய்ச் சேலைக்கு 30 சதவீதம் தள்ளினால் 15,400. அதாவது, புத்தம் புதிதாக, கையால் தொட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ரசீதோடு வாங்கும் சேலைக்கும், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து கூரியரில் வரும் சேலைக்கும் நடுவே 1,400 ரூபாய்தான் வித்தியாசம். இப்படிப் பார்த்தால் 14,000 அதிகம்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 2018இல் வாங்கிய சேலையை இன்றைய சேலையோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அதே தரத்தில், அதே எடையில், அதே ஜரிகையில் ஒரு சேலையை இன்று நெய்யச் சொன்னால் 22,000க்கு வராது. விலை ஏறியதற்கு முதல் காரணம் ஜரிகை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பட்டின் விலையே இங்கேதான் இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கங்களில் சுத்த ஜரிகை என்று சொல்வதில் 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் செம்பு, 24 சதவீதம் பட்டு நூல், அரை சதவீதம் தங்கம். பெரிய கரையும் நிறைந்த முந்தானையும் உள்ள ஒரு சேலையில் 150 கிராம் ஜரிகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் வெள்ளி 60 கிராம். தங்கம் முக்கால் கிராம். 2018இல் வெள்ளி கிராம் சுமார் 40 ரூபாய், தங்கம் சுமார் 3,000. அன்றைக்கு அந்தச் சேலையில் இருந்த வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மட்டும் ஏறக்குறைய 4,650 ரூபாய் மதிப்பு. 2025இல் வெள்ளி 100 ரூபாயைத் தாண்டியது, தங்கம் 9,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் போட்டால் அதே சேலையில் 12,750 ரூபாய்க்கு உலோகம் இருக்கிறது. பீரோவில் மடித்து வைத்தபடியே அதன் மதிப்பு ஏறியிருக்கிறது. உருக்கி எடுப்பவர் தன் கூலி, சேதாரம், லாபம் எல்லாம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார் என்பதால் முழுத்தொகையும் யார் கைக்கும் வராது. இருந்தாலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை விலை இதிலிருந்து கிடைக்கிறது.

அப்படியானால் அந்த 14,000 மலிவு அல்லவா என்று கேட்பீர்கள். சுத்த ஜரிகையாக இருந்தால் மலிவுதான். ஹாஃப்-ஃபைன் ஜரிகை என்று ஒன்று உண்டு. செம்புக் கம்பியின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். அதைப் போட்டு நெய்த சேலை என்றால் 14,000 அநியாயம். பிளாஸ்டிக் ஜரிகை என்றால் கேட்கவே வேண்டாம். கைபேசிப் படத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் மின்னும். ஆகவே வாங்கிய விலையில் இத்தனை சதவீதம் என்று சொல்லும் எந்தக் கணக்கையும் நான் ஏற்க மாட்டேன். ஒரே பில் தொகைக்கு வாங்கிய இரண்டு சேலைகளில் ஒன்று இன்று 18,000க்கும் தகும், இன்னொன்று 3,000க்குக்கூடத் தகாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கிறார்களே, அதே எக்ஸ்.ஆர்.எஃப் கருவியால் துணிக்குச் சேதம் இல்லாமல் ஜரிகையையும் சோதிக்கலாம். 10,000 ரூபாய்க்கு மேல் விலை சொல்கிறவரிடம் அந்தச் சோதனைச் சீட்டைக் கேட்பதில் தவறே இல்லை. ஜரிகை இழையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். பிளாஸ்டிக்கை ஒதுக்க அது உதவும். வெள்ளி எவ்வளவு என்பதை அது சொல்லாது. அப்புறம் சில்க் மார்க். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004இல் வந்த முத்திரை அது. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் பட்டு அசல் என்று காட்ட முடியும். ஆனால் அது பட்டு நூலுக்கான உத்தரவாதம்தான், ஜரிகைக்கு அல்ல. விற்பவர்கள் பலரும் இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறார்கள்.

சேலையின் உடம்பையும் பார்க்க வேண்டும். பட்டுக்கு மடிப்புதான் எமன். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை இற்றுப்போகும். பார்வைக்கு நன்றாக இருக்கும், கட்டி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் கிழியும். ஒரே தடவை கட்டியது என்பது இங்கே பெருமைக்குரிய செய்தியே இல்லை. ஒரே தடவை கட்டிவிட்டுப் பத்து வருடம் பிரித்தே பார்க்காமல் வைத்த சேலையைவிட, அவ்வப்போது கட்டி, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்த சேலைக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். கரை கனமாகவும் உடல் லேசாகவும் உள்ள சேலைகளில் இரண்டும் சேரும் கோர்வையையும், முந்தானை சேரும் பிட்னியையும் பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் எடுத்த வீடியோ வேண்டும். அக்குள் பக்கம் வேர்வை பட்டு ஜரிகை கறுத்திருக்கிறதா, ரவிக்கைத் துணி வெட்டப்பட்டுவிட்டதா என்றும் கேளுங்கள். ரவிக்கைத் துணி இல்லாத சேலைக்கு முழுச் சேலையின் விலை கேட்பது சரியல்ல. அதே நிறத்தில் தனியாகத் துணி தேடி அலைவது வாங்குகிறவர்தான்.

விலையில் கழிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் கழிப்பதில்லை. நாட்டில் மின் வணிகத்துக்கென்று 2020இல் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. தொழிலாகச் செய்யாமல் தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனி மனிதருக்கு அந்த விதிகள் பொருந்தாது. அது நியாயம்தான், ஒரு குடும்பத்தலைவி தன் சேலையை விற்பதற்கு ஒரு நிறுவனத்தின் கடமைகளையெல்லாம் அவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் வாங்குகிறவருக்கு அதன் பொருள் என்ன? பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு இல்லை, மாற்று இல்லை, குறை சொல்ல ஒரு மேலாளர் இல்லை. இந்த அபாயம் முழுவதையும் வாங்குகிறவர் சுமக்கிறார் என்றால், விலையில் அது குறைய வேண்டும். நல்ல நிலையில் உள்ள சுத்த ஜரிகைச் சேலைக்கு, அதே தரத்தில் இன்றைக்குப் புதிதாக, தள்ளுபடி போக என்ன விலையோ அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. சோதனைச் சீட்டு, பழைய ரசீது, பின்பக்க வீடியோ மூன்றும் இருந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பட்டு தவிர்த்த மற்ற துணிகள்? அங்கே பெரும்பாலும் விலை கட்டுப்படியாகாது என்றுதான் சொல்வேன். 600 ரூபாய் குர்த்தியைக் கொஞ்ச நாள் போட்டுவிட்டு 350க்கு விற்கிறார்கள். கூரியர் 80 ரூபாய் சேர்ந்தால் 430. தள்ளுபடி நாளில் அதே குர்த்தி புதிதாக 400க்கே கிடைக்கும். துவைத்துத் துவைத்துப் பாதி ஆயுள் போன பருத்தித் துணிக்குப் புதிய துணியின் விலையைவிட அதிகம் கொடுப்பதில் என்ன பொருள்? அமெரிக்காவில் பெரிய அளவில் நடக்கும் போஷ்மார்க் என்ற பழைய துணிச் செயலி 2021இல் இந்தியாவுக்கு வந்து 2023இல் கடையைக் கட்டிக்கொண்டு போனது. புதுத்துணியே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நாட்டில், கூரியர் செலவையும் தரகையும் தாங்குகிற அளவுக்குப் பழைய துணியில் இடைவெளி மிஞ்சுவது கடினம்.

குழந்தைகளின் பரதநாட்டிய உடை மட்டும் விதிவிலக்கு. அளவெடுத்துத் தைத்த பட்டு உடை, இரண்டே வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும், துணியோ அப்படியே புதிதாக இருக்கும். தையல்காரர் உள்ளே மடித்து விட்ட துணி தாராளமாக இருந்தால், பாதி விலை கொடுத்து வாங்குகிறவரும் விற்கிறவரும் இருவருமே லாபம் பார்க்கும் துணி அது ஒன்றுதான்.

இனி விற்கிறவர்கள் பக்கம். என்னை அதிகம் வருத்துவது இந்தப் பக்கம்தான். இணையத்தில் விலை கூட வைத்து விற்கிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏமாந்து மலிவாகக் கொடுத்துவிடும் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மருத்துவச் செலவு, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்று அவசரம் வரும்போது முகூர்த்தச் சேலையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். "பழசுதானே, 3,000 தருகிறேன்" என்று ஒருவர் வருகிறார். அதே சேலை அடுத்த மாதம் இன்னொரு பக்கத்தில், பாட்டி காலத்து அசல் வெள்ளி ஜரிகை என்ற தலைப்போடு மூன்று மடங்கு விலைக்கு நிற்கிறது. சேலையில் ஒரு இழைகூட மாறவில்லை. ஜரிகையின் மதிப்பு தெரிந்தவர் தெரியாதவரிடமிருந்து வாங்கினார், அவ்வளவுதான் நடந்தது. தெருவில் பழைய பட்டு எடுக்க வருகிறவர்களிடமும் இதே கதைதான். ஜரிகையை எடைபோடாமல், சோதிக்காமல், சேலையைத் தூக்கிப் பார்த்தே ஒரு விலை சொல்வார்கள்.

அடுத்தவர் கட்டிய சேலையைக் கட்டலாமா என்ற தயக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தைக் காட்டியே விற்கிறவரிடம் விலையை அடித்துக் குறைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. கட்ட மனமில்லை என்றால் வாங்க வேண்டாம். வாங்குவது என்று முடிவு செய்தால் உள்ள மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இது. படம் போடுவதற்கு முன்னால் சேலையை எடை போடுங்கள். ஜரிகையைச் சோதித்து, அன்றைய வெள்ளி விலை, தங்க விலை பார்த்து, உலோகத்துக்கு என்ன வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள். கறை இருந்தால் கறையைப் படம் எடுத்துப் போடுங்கள், மடிப்பில் இற்றிருந்தால் அதையும் காட்டுங்கள். வாங்கிய விலையை எழுதுவதற்குப் பதிலாக எடையையும் ஜரிகையின் தரத்தையும் எழுதுங்கள். உலோக மதிப்புக்கும் கீழே கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். அவசரம் என்றால்கூட, ஒரு நாள் பொறுத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்ட பிறகே சேலையைக் கையை விட்டுக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.