கோர்டினாவுல கைவிட்ட ஒலிம்பிக் மேடை: கெட்டது கான்கிரீட் இல்ல, வளைவு

வணக்கம் மக்களே. பின்னாடி மரங்களுக்கு மேல ஒல்லியா நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் இன்னிக்கு விஷயம். இத்தாலியில டோலமைட் மலைக்குள்ள இருக்கிற கோர்டினா தம்பெட்சோ ஊரு, அதுக்குத் தெற்கே ட்சுவெல்ங்கிற இடம். 1956 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 1955ல கட்டின ஸ்கீ ஜம்பிங் மேடை. அதாவது, கால்ல ஸ்கீங்கிற நீளப் பலகைகளைக் கட்டிக்கிட்டு பனிச்சரிவுல சறுக்கி வந்து, எம்பிப் பறந்து தூரமா இறங்குற விளையாட்டுக்கான மேடை. 1990ல மூடிட்டாங்க.

ஏன் மூடினாங்கன்னு கேட்டா எல்லாரும் "காசு இல்ல"ம்பாங்க. அது பாதிதான். மீதி இந்தச் சரிவோட வடிவத்துலயே இருக்கு.

மேலேருந்து வருவோம். வீரர் சறுக்கி வர்ற பகுதி இன்ரன். அதோட முடிவுல இருக்கிற விளிம்புலதான் எம்பிக் குதிப்பாங்க. அந்த விளிம்பு மேல்நோக்கித் தூக்கி இருக்கும்னுதான் பலர் நினைக்கிறாங்க. கிடையாது. இன்னிக்குக் கட்டுற மேடைகள்ல அது கீழ்நோக்கியே சுமார் 10, 11 டிகிரி சாஞ்சிருக்கும். எம்புறது முழுக்க காலோட வேலை. அப்புறம் மேடு மாதிரி ஒரு முதுகு, அதைத் தாண்டினா செங்குத்தான இறங்குசரிவு. அந்தச் சரிவு தணிய ஆரம்பிக்கிற இடம் கே-பாயின்ட். அங்கே இறங்கினா தூரத்துக்கு 60 புள்ளி. பெரிய மேடையில அதைத் தாண்டுற ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும், குறைஞ்சா அதே கணக்குல கழியும். ரொம்பத் தாண்டிட்டா ஆபத்து: தரை சமமாகிட்டே வரும், விழுற வேகம் அப்படியே முழங்கால்ல இறங்கும்.

1956ல இங்கே நடந்ததே ஒரு திருப்பம். 1924லேருந்து 1952 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்லயும் இந்தத் தங்கம் நார்வேக்குத்தான். இங்கே பின்லாந்தோட ஆன்ட்டி ஹூவாரினென் தங்கம், அதே நாட்டு ஔலிஸ் கல்லகோர்பி வெள்ளி, ஜெர்மனியோட ஹாரி கிளாஸ் வெண்கலம். நார்வேக்கு ஒண்ணுமில்ல. பின்லாந்துக்காரங்க கையை முன்னாடி நீட்டாம உடம்போட ஒட்டி வச்சுப் பறந்தாங்க. காத்து எதிர்ப்பு குறைஞ்சுது.

அடுத்த திருப்பம்தான் இந்த மாதிரிப் பழைய மேடைகளுக்கு எமனா வந்துச்சு. ஸ்வீடன்காரர் யான் பொக்லோவ் ரெண்டு ஸ்கீயையும் 'வி' மாதிரி விரிச்சுப் பறந்தார். நடுவர்கள் ஸ்டைல் புள்ளியைக் கழிச்சும் 1988-89 உலகக் கோப்பையை எடுத்துட்டார். விரிச்ச ஸ்கீயில காத்து தாங்குற விசை கால் பங்குக்கும் மேல கூடுது. அதனால பறக்கிற பாதை தட்டையாகி, தூரம் நீளுது. பழைய சரிவை அளந்தது ஸ்கீயை இணையா வச்சு, உயர எழும்பி விழுற பாதைக்கு. அதுல 'வி' போட்டா, சரிவு தணியுற இடத்துக்கே போய் இறங்குவாங்க. வேகத்தைக் குறைக்கலாம், ஆனா ஒரு அளவுக்கு மேல பலிக்காது. சரியான வழி, விளிம்பை இடிச்சு, முதுகை மண் வெட்டி மாத்தி, சரிவையே புதுசா வார்க்கணும். அப்பத்தான் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்போட சான்று, அது இருந்தாத்தான் பெரிய போட்டி.

அப்படியே சரிபண்ணினாலும் பசங்க வேணுமே! யாரும் நேரா பெரிய மேடையில குதிக்க முடியாது. 20 மீட்டர், 40, 60னு சின்ன மேடைகள் வரிசையா இருக்கணும், கோடையிலயும் பழக தண்ணி தெளிச்ச பிளாஸ்டிக் பாய் விரிக்கணும். 2006 டூரின் ஒலிம்பிக்குக்குப் பிரஜெலாத்தோவுல கட்டின மேடையைப் பாருங்க. வடிவம் நவீனம்தான், ஆனா சில வருஷத்துலயே சும்மா கிடக்க ஆரம்பிச்சிடுச்சு. ட்சுவெல் அதைவிட எவ்வளவோ மேல, 30 வருஷத்துக்கு மேல உழைச்சிருக்கு.

டவர்ல ஏறப் பார்க்காதீங்க. இப்படி விட்டுட்ட கான்கிரீட்ல விரிசல் வழியா இறங்குற தண்ணி உறையும்போது 9% பெருத்து, உள்ளேருந்தே பிளக்கும். கம்பி துருப்பிடிச்சா அதுவும் சேர்ந்து உப்பும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது.

2026 ஒலிம்பிக் பேருல மிலனோட கோர்டினாவும் இருக்கு. ஆனா ஸ்கீ ஜம்பிங்கை ஒதுக்கினது இத்தாலியிலயே இன்னொரு ஊரான பிரெடாட்சோவுக்கு.