லட்டுத் தட்டும் ஒற்றைப்படைக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாமே சொன்னது சொன்னபடி, குறித்த நேரத்துக்கு நடந்த ஒன்றைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என்ன ஞாபகம் வருகிறது? ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் பந்தியில் பாதியிலேயே ரசம் தீர்ந்துபோன கல்யாணம், தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போன கல்யாணம், ஷூ காணாமல் போய் மாப்பிள்ளை தாய்மாமன் ஷூவைப் போட்டுக்கொண்டு ரிசப்ஷனில் நின்ற கல்யாணம், இதையெல்லாம் யாராவது மறந்தார்களா? இந்த மாதிரி இடைஞ்சல்கள்தான் ஒரு குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கின்றன என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

எங்கள் பெரியம்மா வீட்டு நிச்சயதார்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி 1965லேயே பிரிந்துவிட்டது, 2004ல் கிருஷ்ணகிரியும் தனியாகப் போய்விட்டது, ஆனாலும் பெண் கொடுப்பது எடுப்பதெல்லாம் இன்னும் சேலத்துப் பக்கம் ஓயவில்லை. அண்ணனுக்குப் பெண் சேலம். வேனில் சொந்தபந்தம், மடியில் பதினோரு சீர்த்தட்டு. தொப்பூர் கணவாய்க்கு வந்தால் வண்டி நகரவில்லை. பெங்களூர்ப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வருகிற லாரிகளுக்கு அந்த இறக்கம் ஒரு சோதனை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் என்ஜின் பிடிமானம் போய்விடும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அன்றைக்கு ஒரு லாரி குறுக்கே சாய்ந்துவிட்டது. நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். எங்கள் வேனில் மட்டும் இல்லை, பின்னால் நின்ற பஸ்ஸிலும். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் லட்டுத் தட்டின் மேலிருந்த கண்ணாடித்தாளைக் கிழித்துவிட்டார். "சீரைப் பிரிக்கலாமா அக்கா?" என்று அத்தை பதறினார். "பசிக்கிற பிள்ளைக்கு ஆகாத சீரு யாருக்குடி?" என்றார் பெரியம்மா, அவ்வளவுதான். லட்டு பஸ் வரைக்கும் போயிற்று, பக்கத்து லாரி கிளீனர் பையனுக்கும் ஒன்று போயிற்று.

தட்டு காலியானதும் அத்தைக்கு அடுத்த கவலை. பதினொன்றில் ஒன்று போனால் பத்து, ரெட்டைப்படையில் சீர் கொண்டு போகக் கூடாதே! வேனே கூடி ஆலோசனை செய்தது. ஒரு தட்டைக் கூட்ட அந்த மலையில் வழி இல்லை, ஆகவே ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று முடிவாகி, வாழைப்பழத் தட்டையும் பிரித்துச் சாஸ்திரப்படி சாப்பிட்டு முடித்தோம். ஒன்பது தட்டோடு போய் இறங்கியபோது நல்ல நேரமும் தாண்டிவிட்டது. பெரியம்மா எதையும் மறைக்காமல் வாசலிலேயே சொன்னார். பெண்ணின் பாட்டி வாய்விட்டுச் சிரித்து, "பிள்ளைங்க வயிறு நிறைஞ்ச நேரம்தான் நல்ல நேரம், உள்ள வாங்க" என்றார். அதுவரை "நீங்க, நாங்க" என்று அளந்து பேசிய இரண்டு வீடும் அன்றுதான் சம்பந்தியானது. அங்கே என்ன சாப்பிட்டோம், யார் எந்தப் புடவை கட்டினார்கள் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஆனால் லட்டுத் தட்டுக் கதையை அன்றைக்குப் பிறக்காத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

நம்முடைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது அங்கே ஆயுதங்களெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருந்தன. எங்கள் அரசனுடையவை குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு வந்தார் ஔவை. ஒரு குறையும் இல்லாமல் முடிகிற விசேஷம் எனக்கு அந்த மாலை போட்ட வேல் மாதிரிதான் தெரிகிறது. பார்க்க அழகு, ஆனால் அதற்குச் சொல்ல ஒரு கதை கிடையாது.

எல்லாச் சங்கடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழும்போது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் கூடையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறவரிடம் போய், இதிலும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. அது நஷ்டம். அதற்கு வேண்டியது நியாயமான விலை.

நான் பேசுவது கேஸ் தீர்ந்துபோகிற மாதிரி விஷயங்களை. தம்பியின் நண்பர் ஒருவர் ஒகேனக்கல் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார். ரொம்பக் கூச்ச சுபாவம், ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்த நேரம் சிலிண்டர் காலி. அம்மா கொல்லையில் விறகடுப்பைப் பற்றவைத்து, விறகு எரிகிற அடுப்பில் களிதான் சரிப்படும் என்று கேழ்வரகு மாவை எடுத்துவிட்டார். நொய் வெந்து கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும், பானையும் நகரக் கூடாது. பானையை அசையாமல் பிடிக்கிற கவைக்கோலை மிதித்துப் பிடிக்க ஆள் இல்லை. "தம்பி, கொஞ்சம் வாப்பா" என்று அம்மா கூப்பிட்டது அந்த நண்பரை. அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கோலை மிதித்தார், புகையில் கண்ணீர் வடிய வடிய மிதித்தார். போன் ஹாலிலேயே கிடந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது முதல் உருண்டையை நன்றாக மென்றார். களி பல்லில் ஒட்டிக்கொண்டது. "மெல்லக் கூடாது கண்ணு, கீரையில தொட்டு அப்படியே முழுங்கணும்" என்று அம்மா விழுங்கிக் காட்ட, அவரும் பார்த்து விழுங்க, ஒவ்வொரு உருண்டைக்கும் வீடே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது உருண்டைக்கு அவரே களியில் குழி செய்துகொண்டு குழம்பு கேட்டார். அந்த ஒரு மத்தியானத்தில் அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார்.

இப்போதும் இந்தப் பக்கம் வருவதென்றால் முதல் நாளே அம்மாவுக்குப் போன் செய்து, "கேஸ் இருக்காம்மா?" என்று ஒரு நப்பாசையோடு கேட்பார்.

"இருக்கு கண்ணு, இருந்தாலும் விறகு ஒடச்சு வைக்கச் சொல்றேன்" என்பார் அம்மா.

நன்றி, வணக்கம்.