திருக்கையின் முகம்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து வந்திருக்கிறேன். 32 ஆண்டுகள் பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சின்னப் பிள்ளைகளை மீன் காட்சியகத்துக்கு அழைத்துப் போவதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது.

எங்கள் ஊருக்குக் கடல் தொலைவில்லை. ஜெராய் மலை ஒரு பக்கம், மெர்போக் ஆறு ஒரு பக்கம். தஞ்சோங் டாவாய்க்குப் போனால் நெத்திலிக் கருவாட்டு வாசனை நம்மை வரவேற்கும். இருந்தாலும் தோட்டத்துப் பிள்ளைக்கு மீன் என்றால், மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரின் பெட்டியில் ஐஸ் மேல் கிடப்பதுதான். நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மீன்காரர் ஹார்ன் அடித்ததும் பாத்திரத்தோடு ஓடுவது மட்டும் மாறவில்லை. அந்தப் பெட்டியில் இருக்கும் மீன் அசையாது. கண் வெளுத்திருக்கும். அதே மீன் நீந்தித் திரும்பி நம்மை நேருக்கு நேர் பார்க்கும்போது பிள்ளை அப்படியே நின்றுவிடுகிறது. நிற்க விடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், நேயர்களே. நிற்க விடுங்கள்.

போன பள்ளி விடுமுறையில் மகளும் நானும் பேரனும் லங்காவித் தீவுக்குப் போனோம். பேரனுக்கு நாலரை வயது. கோலகெடாவில் பெர்ரி ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பந்தாய் செனாங் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது அண்டர்வாட்டர் வேர்ல்டு என்ற மீன் காட்சியகம். 1995இல் திறந்தது. அதற்குள் 15 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிச் சுரங்கம் உண்டு. தலைக்கு மேலே சுறாவும் ஆமையும் போகும். மகள் டிக்கெட் வாங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டாள். சுரங்கத்துக்குக் கால் மணி, பென்குயினுக்குக் கால் மணி, பிறகு சாப்பாடு. அவளைக் குறை சொல்லவில்லை. காசு கொடுத்திருக்கிறோம், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும்.

பேரன் திருக்கை மீன் இருந்த இடத்தில் நின்றான். நாற்பது நிமிடம் நின்றான்.

முதலில் அது கண்ணாடியில் வயிற்றை ஒட்டியபடி மேலே ஏறியது. வெள்ளை வயிறு, மேலே இரண்டு துளை, அதற்குக் கீழே வளைந்த வாய். "பாட்டி, சிரிக்கிறது!" என்றான். இவனும் சிரித்தான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி முகத்தை வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது கீழே இறங்கி, சிறகை அடித்து மணலைக் கிளப்பி, அந்த மணலுக்குள்ளேயே படுத்துக்கொண்டது. முதுகின் மேல் இரண்டு கண்கள் மட்டும் வெளியே. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கண் மேலே இருக்கிறதே, அப்போது கீழே இருந்தது என்ன?" இந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். நான் முந்திக்கொண்டிருந்தால் அது வந்தே இருக்காது. "அது மூக்குடா, கண்ணா" என்றேன். அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பிறகு அவனே இன்னொன்றைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் ஒரு துளை திறந்து திறந்து மூடியது. திருக்கைக்கு வாய் அடிப்பக்கம். மணலில் படுத்திருக்கும்போது வாயால் தண்ணீர் இழுத்தால் மணலும் சேர்ந்து வரும். அதனால் மேலே இருக்கும் அந்தத் துளைகளால் தண்ணீரை உள்ளே இழுத்து, வயிற்றுப் பக்கம் இருக்கும் செவுள் பிளவுகளால் வெளியே விடுகிறது. இதைச் சொன்னதும் பேரன் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். படுத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்த்தான். வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மகள், "அம்மா, எழுப்புங்கள்" என்றாள். நான் எழுப்பவில்லை. அறிவியல் பாடத்தை அவன் தன் வயிற்றால் படித்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு மனத்தில் நெடுநாளாக இருக்கிறது. நாம் சந்தையில் திருக்கையை மலாயில் 'பாரி' என்று கேட்டு வாங்குகிறோம், சுட்டுச் சாப்பிடுகிறோம். திருக்கை என்ற பெயர் எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? என் பாட்டிக்குத் தெரியும். திருக்கை வாலைச் சாட்டையாக்கி அடித்த கதையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று. தெங்கிரி என்பது வஞ்சிரம். சோத்தோங் என்பது கணவாய். பாவால் என்பது வாவல், ஒலியே ஒத்துப்போகிறது பாருங்கள். சியாக்காப் என்பது கொடுவா. அந்தக் கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். இதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பெயரை மறக்கவே மறக்காது. மலாய்ப் பெயரும் நம்முடையதுதான், அதை விடச் சொல்லவில்லை. இரண்டும் பிள்ளையின் வாயில் இருக்கட்டும். தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது கொடுத்த பெயர்தான் ஒட்டும். வீட்டில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒட்டாது. நான் எழுதிக் கொடுத்துப் பார்த்தவள்.

கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும். தண்ணீரில் எழும் அதிர்வை மீன் அந்தக் கோட்டின் வழியாக உணரும். கதவை ஓங்கித் தட்டினால் தூங்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், மூன்று வயதுப் பிள்ளையும் கையை எடுத்துவிடும். "மீனுக்கு இமையே இல்லையே, எப்படித் தூங்கும்?" என்று அடுத்த கேள்வி வரும். கண்ணைத் திறந்துகொண்டேதான் ஓய்வெடுக்கும் என்று சொல்லுங்கள்.

கடல்குதிரையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் விடாது போலிருக்கிறது. தாய், முட்டைகளைத் தகப்பன் வயிற்றுப் பையில் இட்டுவிடும். சுமந்து பெறுவது தகப்பன்தான். அதைச் சொன்னேன். என் மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். பேரன், கடல்குதிரை பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் இந்த அப்பா வேலைக்குப் போகமாட்டாரா, பாட்டி?" என்றான். போகமாட்டார் என்றேன். மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நிமிடம்தான் என்று கை காட்டுகிறார்கள். பென்குயின் பகுதிக்குப் போகிறவர்கள் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே குளிரும். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு முறை பாருங்கள். நாம் பார்க்கும் தொட்டி வேறு, அவர்கள் பார்க்கும் தொட்டி வேறு. திரும்பும்போது பேரன், திருக்கையிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றான். உங்கள் பிள்ளையும் அப்படிக் கேட்டால் மறுக்காமல் கூட்டிப் போங்கள். நாங்கள் போனோம். அது மணலுக்குள் படுத்திருந்தது. அவனும் படுத்தான். வணக்கம்.